மருந்து அடிக்கும் முன் ஒரு படம்

(காலாண்டுப் பொதுக்கூட்டம் முடிந்தபின் சமுதாயக் கூடத்தில் நடந்த ‘நம் பொழுதுபோக்கு’ நிகழ்ச்சியில், சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



நம் வாட்ஸ்ஆப் குழுவில் நான் போடும் பூச்சிப் படங்களைப் பார்த்துவிட்டுப் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: “அது என்ன லென்ஸ் சார், விலை எவ்வளவு?” லென்ஸைவிட முக்கியமான வேலையைச் செய்வது லேப்டாப்பில் ஓடும் ஒரு சாஃப்ட்வேர். அதில் நல்லது ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. நடைபாதை ஓரம் இருக்கும் செம்பருத்தி வேலி முழுவதும் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது, அதற்கு மருந்து அடிக்கலாமா என்ற விஷயம் செயற்குழுவின் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏன் ஒரே படம் போதாது?

குழந்தைகளுக்காக எளிமையாகச் சொல்கிறேன். கேமரா ஒரு பொருளுக்கு மிக அருகில் போனால், தெளிவாகத் தெரியும் பகுதி காகிதம்போல் மெலிந்துவிடும். பூச்சியின் கண் தெளிவாக இருந்தால் கால் மங்கும், கால் தெளிந்தால் முதுகு மங்கும்.

இதற்குக் கணக்கு உண்டு. நம்மில் பலரிடம் இருக்கும் சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவில், பொருளும் சென்சாரில் விழும் அதன் பிம்பமும் ஒரே அளவில் இருக்கும்படி அருகில் போய், எஃப் 8 வைத்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். பிம்பம் இரண்டு மடங்கு பெரிதாகும்படி எஃப் 5.6-இல் எடுத்தால் அது 0.17 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். ஒரு பொறிவண்டின் நீளம் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையிலிருந்து வால்வரை ஒரே படத்தில் தெளிவாக எடுக்க வழியே இல்லை.

“எஃப் 22 வைத்தால் ஆழம் கூடுமே” என்று கேமரா தெரிந்தவர்கள் கேட்பார்கள். கூடும். ஆனால் துளை அவ்வளவு சிறிதானால் ஒளி சிதறி, படம் முழுவதுமே சற்று மழுங்கிப்போகும். இது ஒளியின் இயல்பு, லென்ஸுக்கு எத்தனை லட்சம் கொடுத்தாலும் மாறாது.

அதனால் வேறு வழி கண்டுபிடித்தார்கள். முன்னாலிருந்து பின்னால்வரை ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுக்கவேண்டும். ஒவ்வொரு படத்திலும் தெளிவாக இருக்கும் பகுதியை மட்டும் கணினி பொறுக்கி எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். வெட்டிய ரொட்டித் துண்டுகளை வரிசையாக அடுக்கி மறுபடி முழு ரொட்டி ஆக்குவதுபோல. இதற்குத்தான் ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்று பெயர்.

உலகத்தில் இதை எந்த அளவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். பிரிட்டிஷ் புகைப்படக்காரர் லெவன் பிஸ், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சிகளை இந்த முறையில் எடுத்து 2016-இல் கண்காட்சி வைத்தார். ஒரு பூச்சியை சுமார் 30 பகுதிகளாகப் பிரித்து, மொத்தம் 8,000 படங்களுக்கு மேல் எடுத்து ஒன்று சேர்த்தார். படத்துக்குப் படம் கேமரா நகர்ந்தது 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. பயப்படவேண்டாம், நமக்குப் பத்து இருபது படங்கள் போதும்.

சாஃப்ட்வேர் எதற்கு?

ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பியே இதைச் செய்யலாமே என்று தோன்றும். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். விரல் பட்டவுடன் கேமரா அசையும், பூச்சி சட்டத்தைவிட்டு நகரும். ஒரு முறை கொஞ்சம் திருப்புவோம், அடுத்த முறை அதிகம் திருப்பிவிடுவோம். நடுவில் ஓர் இடம் விட்டுப்போனால், சேர்த்த படத்தில் தெளிவான முதுகுக்கு நடுவே மங்கலான பட்டை ஒன்று ஓடும். அதைப் பின்னால் சரிசெய்யவே முடியாது.

கேமராவையும் லேப்டாப்பையும் யூஎஸ்பி கேபிளால் இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். கேமரா பார்ப்பது லேப்டாப் திரையில் பெரிதாகத் தெரியும். மவுஸை அழுத்தினால் லென்ஸுக்குள் இருக்கும் மோட்டார் ஒரு சிறு அடி நகரும். சாஃப்ட்வேரே படம் எடுத்து, லேப்டாப்பில் சேமித்து, சிறிது நேரம் அசைவு அடங்கக் காத்திருந்து, அடுத்த அடி நகர்த்தும். நீங்கள் கேமராவைத் தொடவே வேண்டாம்.

எந்த சாஃப்ட்வேர்? நிகான் அல்லது கேனான் கேமராவும் விண்டோஸ் லேப்டாப்பும் இருந்தால் முதலில் பார்க்கவேண்டியது டிஜிகேம்கன்ட்ரோல். இலவசம். அதன் லைவ் வியூ பகுதியிலேயே ஃபோகஸ் ஸ்டாக்கிங் வசதி இருக்கிறது. கேனான்காரர்களுக்கு அந்தக் கம்பெனியே இலவசமாகத் தரும் ஈஓஎஸ் யுடிலிட்டியும் உண்டு. அதில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு அம்புக்குறிகள் இருக்கும். பழைய கேமராக்களில் அம்புக்குறியை ஒரு முறை, ஷட்டரை ஒரு முறை என்று நாமே மாறி மாறி அழுத்தவேண்டும். பொறுமை இருந்தால் அதுவும் போதும். லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஜிஃபோட்டோ2, என்டாங்கிள் இரண்டும் இலவசம். காசு கொடுத்து வாங்குவதில் பெயர்பெற்றது ஹீலிகான் ரிமோட். முன் எல்லை, பின் எல்லை இரண்டையும் காட்டிவிட்டால் எத்தனை படம் வேண்டும் என்பதை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆண்ட்ராய்டு போனிலிருந்தும் அதை இயக்கலாம்.

புதிய கேமரா வைத்திருப்பவர்கள் ஒரு விஷயம் பாருங்கள். ஒலிம்பஸ் 2015-இல் ஓஎம்-டி ஈ-எம்1 கேமராவுக்கும், நிகான் 2017-இல் டி850-க்கும், கேனான் 2019-இல் ஈஓஎஸ் ஆர்பி-க்கும் இந்த வசதியைக் கேமராவுக்குள்ளேயே கொடுத்துவிட்டார்கள். உங்கள் கேமரா மெனுவில் ஃபோகஸ் ஷிஃப்ட் அல்லது ஃபோகஸ் பிராக்கெட்டிங் என்று இருந்தால் கேபிள்கூடத் தேவையில்லை. போன் மட்டும் இருக்கிறது என்பவர்கள் ஓப்பன் கேமரா என்ற இலவச ஆப்பைப் போட்டுப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அது ஃபோகஸை மாற்றி மாற்றிப் படம் எடுக்கும்.

அடி அளவைக் கண்டுபிடிப்பது

சாஃப்ட்வேரில் “ஓர் அடி” என்பது எத்தனை மில்லிமீட்டர் என்று எங்கும் எழுதியிருக்காது. லென்ஸுக்கு லென்ஸ் மாறும். அதை அறிய ஒரு பள்ளி ஸ்கேல் போதும்.

ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து லென்ஸுக்கு முன் வையுங்கள். ஒரு படம் எடுங்கள். எந்தக் கோடு தெளிவாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்து அடி நகர்த்தி இன்னொரு படம் எடுங்கள். தெளிவான இடம் ஸ்கேலில் 4 மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால், சாய்வைக் கழித்து ஆழத்தில் சுமார் 2.8 மில்லிமீட்டர். அப்படியானால் ஓர் அடி 0.28 மில்லிமீட்டர். தெளிவான ஆழம் 0.6 என்று முன்பு பார்த்தோம். ஒரு படமும் அடுத்த படமும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று ஏறவேண்டும். அதாவது 0.4-க்குள் நகரவேண்டும். 0.28 என்றால் தாராளம். 4 மில்லிமீட்டர் பொறிவண்டுக்குப் பதினைந்து படங்கள் போதும்.

ஒரு முறை கண்டுபிடித்த கணக்கு அந்த லென்ஸுக்கு, அந்தத் தூரத்துக்கு எப்போதும் உதவும். காகிதத்தில் எழுதிக் கேமராப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில விஷயங்கள். லென்ஸின் சுவிட்ச் ஆட்டோஃபோகஸ் பக்கம் இருக்கவேண்டும், இல்லையென்றால் லேப்டாப் சொல்வது மோட்டாருக்குப் போகாது. வெளிச்சம், நிறம், ஐஎஸ்ஓ எல்லாவற்றையும் மேனுவலில் நிறுத்துங்கள், ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வரும். எப்போதும் பூச்சிக்கு முன்னால் சற்றுத் தள்ளி ஆரம்பித்து ஒரே திசையில் போங்கள், நடுவில் திரும்பினால் மோட்டாரின் பல்சக்கரம் சிறிது வழுக்கும். ஒரே நேரத்தில் இரண்டு சாஃப்ட்வேர்கள் கேமராவைப் பிடிக்க முடியாது. “கேமரா கிடைக்கவில்லை” என்று செய்தி வந்தால் பின்னால் வேறு ஏதாவது திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லைவ் வியூ பேட்டரியை வேகமாகக் குடிக்கும், முழுவதும் சார்ஜ் போட்டுவிட்டு உட்காருங்கள்.

அபார்ட்மென்டில் எடுப்பவர்களுக்கு

நம்மைப்போல் மாடியில் குடியிருப்பவர்களுக்கென்று தனித் தொல்லைகள் சில உண்டு. வாஷிங் மெஷின் சுழலும்போது எடுக்காதீர்கள், அந்த அதிர்வு தரை வழியாக மேஜைக்கு வரும். லிஃப்டை ஒட்டிய சுவரில் மேஜையைச் சாய்க்காதீர்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே மூன்று நொடி காத்திருக்கும்படி சாஃப்ட்வேரில் வையுங்கள்.

வெளிச்சத்துக்கு இரண்டு எல்இடி மேஜை விளக்குகள் போதும். விளக்குக்கும் பூச்சிக்கும் இடையில் டிரேசிங் பேப்பர் வையுங்கள், பளபளப்பு அடங்கி மென்மையாக விழும். மலிவான எல்இடி மின்சாரத்தோடு சேர்ந்து நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகம் 1/1000 என்று வைத்தால் ஒரு படம் இருட்டாகவும் அடுத்தது வெளிச்சமாகவும் வரும். கால் நொடி, அரை நொடி என்று மெதுவாக வையுங்கள், தொல்லை தீர்ந்தது. கேமராவை யாரும் தொடாததால் அரை நொடி வைத்தாலும் படம் அசையாது.

தயவுசெய்து படத்துக்காக எந்தப் பூச்சியையும் கொல்லவேண்டாம். ஜன்னல் ஓரத்திலும் டியூப்லைட் மூடியிலும் தானாக இறந்துகிடப்பவை ஏராளம். உயிருள்ளவற்றில் அசையாமல் உட்காருபவை நமக்கு ஏற்றவை. மாவுப்பூச்சி அதில் முதலிடம்.

படங்களைச் சேர்ப்பது

எடுத்த படங்களைச் சேர்க்க ஹீலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் இரண்டும் பெயர்பெற்றவை, காசு கொடுத்து வாங்கவேண்டியவை. ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே வசதி உண்டு. இலவசமாக வேண்டுமென்றால் ஹுகின் என்ற சாஃப்ட்வேரோடு வரும் இரண்டு சிறு கருவிகள் போதும். ஒன்று படங்களை நேர்ப்படுத்தும், இன்னொன்று சேர்க்கும். ஃபோகஸ் நகரும்போது படத்தின் அளவும் மிகச் சிறிதாக மாறும், அதனால்தான் நேர்ப்படுத்துவது முதலில் வருகிறது.

சேர்த்த படத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். முடி முடியைத் தாண்டிச் செல்லும் இடங்களில் ஒளிவட்டம்போல் ஒரு பிசிறு வரலாம். நடுவில் பூச்சி அசைந்திருந்தால் மூன்று மீசை இருப்பதுபோல் தெரியும். பூச்சியை அடையாளம் காணப் படம் எடுக்கும்போது மூலப் படங்களையும் அழிக்காமல் வையுங்கள். சந்தேகம் வந்தால் அவைதான் சாட்சி.

இப்போது செம்பருத்தி வேலிக்கு வருவோம்

வேலியிலிருந்து ஒரு கிளையை ஒடித்துவந்து இந்த முறையில் எடுத்த நான்கு படங்களைத் திரையில் காட்டுகிறேன்.

முதல் படம் மாவுப்பூச்சி. 3 மில்லிமீட்டர். உடம்பெல்லாம் மெழுகுப் பொடி. செடியின் சாற்றை உறிஞ்சுகிறது. இது எதிரிதான், சந்தேகமில்லை.

இரண்டாவது படம். இதுவும் வெள்ளை, இதுவும் மெழுகு. ஆனால் மெழுகு இழைகள் நீளமாக, கலைந்த முடிபோல் இருக்கின்றன. பக்கவாட்டில் ஆறு கால்கள் தெளிவாகத் தெரிகின்றன, முன்னால் கடித்துத் தின்னும் தாடை இருக்கிறது. இது மாவுப்பூச்சியே இல்லை. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டை 1890-களில் கலிஃபோர்னியாவுக்கும், பிறகு நம் நாட்டுக்கும் மாவுப்பூச்சி, செதில் பூச்சி போன்றவற்றை ஒழிக்கவே கொண்டுவந்தார்கள். நின்று பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தோட்டக்காரர் அண்ணன் வெள்ளையாக இருப்பதையெல்லாம் துணியால் துடைக்கும்போது இதுவும் சேர்ந்தே போகிறது.

மூன்றாவது படம் அந்தப் புழு வளர்ந்த வண்டு. கறுப்பு முதுகு, ஆரஞ்சு நிறத் தலை, 4 மில்லிமீட்டர்.

நான்காவது படத்தைப் பாருங்கள். உப்பிப்போய், பழுப்பு நிறத்தில் இறுகிய மாவுப்பூச்சி. அதன் முதுகில் ஊசி குத்தியதுபோல் வட்டமாக ஒரு துளை. உள்ளேயிருந்து ஒரு குட்டிக் குளவி வெளியே போன வழி அது. குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். குஞ்சு அதை உள்ளிருந்தே தின்று, வளர்ந்து, துளைபோட்டு வெளியேறும். ஒரே படமாக எடுத்திருந்தால் துளை தெளிந்து உடம்பு மங்கியிருக்கும், அல்லது உடம்பு தெளிந்து துளை மங்கியிருக்கும்.

இந்தக் குளவிகளின் வேலையை நம் மாநிலமே பார்த்திருக்கிறது. 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கொங்கு மண்டலம் முழுவதும் பரவி விவசாயிகளைத் திணறவைத்தது. மெழுகுப் போர்வை இருப்பதால் அடித்த மருந்து சரியாக உள்ளே இறங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள். அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதது, அந்தப் பூச்சியை அடக்கியது. அந்த மாவுப்பூச்சி செம்பருத்தியிலும் வாழும்.

நம் வேலியில் இருக்கும் குளவி எந்த இனம் என்பதை நான் சொல்லமாட்டேன். அது நிபுணர்கள் வேலை. நான் சொல்வது இவ்வளவுதான்: வேலியில் எதிரி மட்டும் இல்லை, எதிரியைத் தின்பவர்களும் இருக்கிறார்கள், படம் இருக்கிறது. வேலி முழுவதும் மருந்து அடித்தால் மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் மாவுப்பூச்சி பாதி தப்பிக்கும். போர்வை இல்லாத வண்டும் குளவியும்தான் முதலில் சாகும். அதன்பிறகு வரும் மாவுப்பூச்சியைக் கேட்க ஆளிருக்காது, மறுபடியும் மருந்துதான். அந்த வேலிக்குப் பத்தடி தள்ளித்தான் குழந்தைகளின் ஊஞ்சல் இருக்கிறது.

“இதைக் கைலென்ஸிலேயே பார்க்கலாமே” என்று கேட்கலாம். பார்க்கலாம். ஆனால் கைலென்ஸில் ஒருவர்தான் பார்ப்பார், மற்றவர்கள் அவர் சொல்வதை நம்பவேண்டும். படமாக இருந்தால் செயற்குழுவில் எல்லோரும் ஒன்றாகப் பார்த்து முடிவெடுக்கலாம். வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். ஒரு மாதம் கழித்து அதே கிளையை மறுபடி எடுத்து, துளைபோட்ட கூடுகள் கூடியிருக்கின்றனவா குறைந்திருக்கின்றனவா என்று எண்ணலாம்.

அதனால் செயற்குழுவிடம் நான் கேட்டுக்கொள்வது மூன்று விஷயங்கள். மருந்து அடிக்கும் முடிவை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அதற்குள் மிக மோசமாக இருக்கும் கிளைகளை மட்டும் வெட்டி அகற்றுவோம், துளைபோட்ட கூடுகள் இருக்கும் கிளைகளை விட்டுவைப்போம். மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக அதைக் காவல்காக்கும் எறும்புகள் வேலியில் ஏறாமல் தடுப்போம், அவைதான் வண்டையும் குளவியையும் விரட்டுகின்றன. மாத முடிவில் நிலைமை மோசமாகியிருப்பதாகப் படம் காட்டினால், அப்போது மருந்து அடிக்க நானே கை தூக்குகிறேன்.

மற்ற எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். கல்யாணத்துக்கு வாங்கி, இரண்டு சுற்றுலாவுக்குப் பிறகு பீரோவின் மேல்தட்டில் தூங்கும் கேமரா எத்தனை வீட்டில் இருக்கிறது? கை தூக்குங்கள். பரவாயில்லையே, பாதிப்பேர்! வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அதையும், அதன் யூஎஸ்பி கேபிளையும், ஒரு லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு இங்கேயே வாருங்கள். சாஃப்ட்வேரை ஏற்றி, ஸ்கேல் வைத்து அடி அளவைக் கண்டுபிடித்து, ஆளுக்கு ஒரு கிளையாகப் பிரித்துக்கொள்வோம். எண்ணும் வேலைக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகள் வந்தால் நல்லது, அவர்களுக்குத்தான் கண் கூர்மை.

 வெளியே காபி தயாராக இருக்கிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.